தொழிலாளர் நலம் காத்த மாணிக்கவாசகம்

மலேசிய இந்தியர்களின் அரசியல் வரலாற்றில் நினைவுகூரத்தக்க தலைவர்களுள் ஒருவர் டான் ஸ்ரீ வெ. மாணிக்கவாசகம். 1926ஆம் ஆண்டு பிறந்த இவர், கிள்ளான் வட்டாரத்தைத் தம் பொதுவாழ்வின் களமாகக் கொண்டார். 1959ஆம் ஆண்டு பொதுத்தேர்தலில் கிள்ளான் தொகுதியில் வென்று நாடாளுமன்றத்திற்குச் சென்றார். பின்னர், 1960களில் நாட்டின் தொழிலாளர் அமைச்சராகப் பொறுப்பேற்றார்.

அக்காலத்தில் ஒரு கேள்வி தொழிலாளர் உலகை வாட்டிக்கொண்டிருந்தது. உழைக்க முடியாமல் போனவருக்கு யார் சோறு போடுவது? அரசாங்க ஊழியருக்கு ஓய்வூதியம் இருந்தது. அரசாங்கமே அதனை வழங்கியது. தனியார் துறைத் தொழிலாளர்களுக்கு 1951ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதி தோன்றியது. தொழிலாளி 5 விழுக்காடும் முதலாளி 5 விழுக்காடும் செலுத்தினர். ஆனால், சேமநிதி என்பது அவரவர் சேமிப்பே. சில ஆண்டுகள் மட்டுமே உழைத்தவரின் கணக்கில் சிறு தொகைதான் இருக்கும்.

பினாங்கு, டத்தோ கிராமாட் வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் முப்பது வயது இளைஞர் ஒருவர் வேலை செய்ததாக வைத்துக்கொள்வோம். கடும் நோயால் அவர் கண்பார்வையை இழக்கிறார். சேமநிதிப் பணம் சில மாதங்களில் கரைந்துவிடும். அதன்பின் அவர் மனைவி மக்களின் நிலை என்ன? வரிப்பணத்திலிருந்து எல்லாருக்கும் ஓய்வூதியம் வழங்கினால் அரசாங்கத்தின் சுமை பெருகும். முதலாளி மட்டுமே ஏற்றால் சிறு தொழில்கள் தடுமாறும். தொழிலாளி மட்டுமே ஏற்றால் குறைந்த சம்பளம் மேலும் குறையும். இதற்கு ஒரு வழியை ஜெர்மனி 1889ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தது. அங்கே தொழிலாளி, முதலாளி, அரசாங்கம் ஆகிய முத்தரப்பும் சுமையைப் பகிர்ந்துகொண்டன.

மாணிக்கவாசகம் அமைச்சராக இருந்தபோது, 1969ஆம் ஆண்டு, ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது. 1971ஆம் ஆண்டு, சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் உருவானது. வேலையிட விபத்துக்கான சந்தாவை முதலாளி மட்டுமே செலுத்த வேண்டும். உழைக்க இயலாதோருக்கான ஓய்வூதியச் சந்தாவை இருவரும் சமமாகச் செலுத்த வேண்டும். சம்பளம் 100 வெள்ளி என்றால் ஒவ்வொருவர் பங்கும் ஏறத்தாழ 50 சென்தான். சிறு துளி பெருவெள்ளம் என்பதற்கேற்ப, பலரின் சில்லறைக் காசு சிலரின் துயர் துடைக்கும் நிதியாயிற்று. நோயுற்றவருக்கு மாதந்தோறும் பணம் கிடைத்தது. அவர் இறந்தால் குடும்பத்தினருக்கும் உதவி தொடர்ந்தது.

எனினும், இச்சட்டம் எல்லாக் குறைகளையும் தீர்த்துவிடவில்லை. நலமாக இருந்து முதுமையடைந்த தொழிலாளி சேமநிதியையே நம்பியிருந்தார். அங்காடி வியாபாரிகள், டாக்சி ஓட்டுநர்கள் போன்ற சுயதொழில் செய்வோர் இதில் இடம்பெறவில்லை. அவர்களுக்கான தனிச் சட்டம் 2017ஆம் ஆண்டில்தான் வந்தது. முதுமைக்கான செலவை யார், எவ்வளவு ஏற்பது என்ற விவாதம் இன்றும் உலகெங்கும் நடைபெறுகிறது.

1973ஆம் ஆண்டு மாணிக்கவாசகம் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவரானார். அவரது தலைமைத்துவக் காலத்தில் நேசா கூட்டுறவுக் கழகம் தோன்றியது. எளிய மக்கள் சிறுகச் சேமித்து ஒன்றாக முன்னேறலாம் என்ற எண்ணமே அதற்கும் அடிப்படை. 1979ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பதவியில் இருந்தபோதே அவர் காலமானார்.

இன்று ஒரு தொழிலாளியின் சம்பளச் சீட்டைப் பார்த்தால், சொக்சோ என்ற பெயருக்கு நேராக ஒரு சிறு தொகை கழிக்கப்பட்டிருக்கும். அது வீணாய்ப் போகும் பணமன்று. முன்பின் அறியாத ஒருவரின் குடும்பத்திற்குச் சோறாகும் பணம். நாளை நமக்கே ஒரு துன்பம் நேர்ந்தால், அதே நிதி நம்மையும் தாங்கும்.