எரித்தாலும் எரியாத எழுத்து

வாயற்றோர்க்கு வாயாக வாழ்ந்தவர் பிரேம்சந்த். 1880இல் காசிக்கருகே லமஹி என்னும் சிற்றூரில் அஞ்சல் எழுத்தரின் மகனாகப் பிறந்தார். இயற்பெயர் தன்பத் ராய். அரசின் கல்வித்துறையில் பணியாற்றிக்கொண்டே, நவாப் ராய் என்ற புனைபெயரில் 1908இல் 'சோஸே வதன்' என்னும் உருதுச் சிறுகதைத் தொகுதியை வெளியிட்டார். நாட்டுப்பற்றை ஊட்டிய அந்நூலை ராஜத்துரோகம் என்றது ஆங்கில அரசு, பிரதிகள் தீக்கிரையாயின. இனி அனுமதியின்றி எழுதக்கூடாது என்ற தடையும் வந்தது.

வேலையோ குடும்பத்தின் சோறு. எழுத்தோ அவரது உயிர். என் செய்வார்? 1910இல் பிரேம்சந்த் என்னும் புதுப்பெயர் பூண்டு எழுதினார்! 1921இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்று அரசு வேலையையே துறந்தார். பொதுக் கிணற்றில் நீர் மொள்ள முடியாத தாழ்த்தப்பட்டோரும், கடனில் மூழ்கிய உழவரும் அவர் கதைகளின் நாயகர்களாயினர். 'கோதான்' நாவல் வெளிவந்த 1936ஆம் ஆண்டிலேயே மறைந்தார். எரிந்தது தாள், எழுத்தன்று.