ரூஸ்வெல்ட்டின் கண்ணும் துப்பாக்கியின் குறியும்

'டெடி' கரடி பொம்மையை அறியாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. அந்தப் பொம்மைக்குப் பெயர் தந்தவர் அமெரிக்காவின் 26-ஆவது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த வேட்டைக்காரர் கண்ணாடி இல்லாமல் பத்தடி தள்ளி நிற்பவரைக்கூட அடையாளம் காணச் சிரமப்பட்டவர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. அவருடைய அரசியலைப் பற்றி நூல்கள் ஏராளம் உண்டு. நான் இங்கே எழுத விரும்புவது அவருடைய கண்களைப் பற்றி.

1858-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். ஆஸ்துமாவால் அவதிப்பட்ட பிள்ளை. மூச்சுத் திணறும் இரவுகளில் தந்தை அவரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடப்பாராம். புத்தகங்களும் பறவைகளும்தாம் அவருக்குத் துணை. பதின்மூன்று வயதளவில் அவருக்குப் பிரெஞ்சு நாட்டு இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. உடன் வந்த நண்பர்கள் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். அவருக்கோ பறவையே தெரியவில்லை. தமக்குத் திறமை போதாது என்றே எண்ணிக்கொண்டார். ஒருநாள் தொலைவில் இருந்த விளம்பரப் பலகையை நண்பர்கள் உரக்கப் படித்தபோதுதான், அங்கே எழுத்துகள் இருப்பதே தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை உணர்ந்தார். தந்தையிடம் சொன்னார். சில நாள்களில் மூக்குக் கண்ணாடி வந்தது. உலகம் எவ்வளவு அழகானது என்பதே அன்றுவரை தமக்குத் தெரியாது என்று பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் பதிவு செய்தார்.

கண்ணாடி அணியும் வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. நான்காம் ஆண்டில் முதன்முதலாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்குப் போன அன்றுதான், திடலோர மரத்தில் இலைகள் தனித்தனியாக இருப்பதை நான் பார்த்தேன். 'சோடாபுட்டி' என்ற பட்டமும் அன்றே கிடைத்தது.

ரூஸ்வெல்ட்டுக்கும் அப்படியொரு பட்டம் காத்திருந்தது. 1884 பிப்ரவரி 14-ஆம் நாள், ஒரே வீட்டில், ஒரே நாளில் அவர் தாயும் மனைவியும் இறந்தனர். அப்போது அவருடைய கைக்குழந்தைக்கு வயது இரண்டே நாள். துயரம் தாங்காமல் டக்கோட்டாவின் மேய்ச்சல் நிலங்களுக்குப் போனார். அங்கிருந்த மாட்டுக்காரர்கள் கண்ணாடி போட்ட நகரத்துப் பணக்காரரை 'நாலு கண்ணன்' என்று எள்ளினார்கள். இரு கைகளிலும் துப்பாக்கி வைத்திருந்த குடிகாரன் ஒருவன், எல்லாருக்கும் மது வாங்கித் தரும்படி அந்தப் பெயரைச் சொல்லி மிரட்டியபோது, ரூஸ்வெல்ட் எழுந்து அவனைக் குத்தி வீழ்த்தினார். அதன்பின் கேலி குறைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிக்ஹார்ன் மலைகளில் ஒரு பெரிய கிரிஸ்லி கரடியைச் சில அடித் தொலைவில் எதிர்கொண்டார். குண்டு அதன் இரு கண்களுக்கும் நடுவே பாய்ந்தது.

அன்று அவர் கையில் இருந்தது விண்செஸ்டர் 1876 வகைத் துப்பாக்கி. இது நெம்புகோலால் இயங்குவது. விசையைச் சுற்றி வளையம்போல் இருக்கும் நெம்புகோலைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். மறு குண்டு விரைவாகக் கிடைக்கும் என்பதால் குறியில் நம்பிக்கை குறைந்தவருக்கு ஏற்ற துப்பாக்கி எனலாம். ஆனால் ரூஸ்வெல்ட் அதைக் கடையில் இருந்தபடியே வாங்கவில்லை. பிடிக்கட்டையும் குறியும் தம் உடலுக்கும் கண்ணுக்கும் ஏற்ப அமைக்கப்பட்டவை என்று 1885-இல் வெளிவந்த தம் வேட்டை நூலில் எழுதியிருக்கிறார்.

குறியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சாதாரணத் துப்பாக்கியில் குழலின் நுனியில் ஒரு சிறு முள் அல்லது மணி இருக்கும். பின்பக்கம், குழலின் மேல், வெட்டுப் போட்ட ஒரு தகடு இருக்கும். வெட்டுக்குள் மணி தெரிய வேண்டும். மணிக்கு மேல் விலங்கு தெரிய வேண்டும். ஆக, மூன்று பொருள்கள், மூன்று தொலைவுகள். மனிதக் கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகக் காட்டும். இளங்கண் வேகமாக மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துவிடும். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிந்தவர் நாற்பத்தைந்து வயதைத் தாண்டினால், அதே கண்ணாடி வழியே பின்தகடு மங்கிப் போகும்.

இதற்கு அக்காலத்தில் பிறந்த ஒரு தீர்வுதான் துளைக்குறி. கனெக்டிகட் மாநிலத்தின் வில்லியம் லைமன் 1879-இல் இத்தகைய ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். வெட்டுத் தகட்டுக்குப் பதிலாகக் கண்ணுக்கு அருகில், பிடிக்கட்டையின் கழுத்தில், துளையுள்ள ஒரு வட்டு நிற்கும். துளையைப் பார்க்க வேண்டியதில்லை. அதன் ஊடாகப் பார்த்தால் போதும். வட்டத்தின் நடுவே மணியை வைப்பதைக் கண் தானாகவே செய்துகொள்ளும். மூன்று பொருள்கள் இரண்டாகிவிடும். சிறு துளை பார்வையையும் கூர்மையாக்கும். நம்பாதவர்கள் ஓர் அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். எண்கள் தெளிவது தெரியும்.

பொருத்துவதோடு வேலை முடியாது. சுட்டுப் பார்த்துத் திருத்த வேண்டும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்த வேண்டும். முன்குறி என்றால் அதற்கு நேர்மாறு. இரு குறிகளுக்கும் இடைவெளி 60 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 100 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் தாழ்ந்து பட்டால் பின்குறியை உயர்த்த வேண்டிய அளவு 0.6 மில்லிமீட்டர்தான். படிவம் மூன்றில் படித்த ஒத்த முக்கோணங்கள் இங்கே வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அரை மில்லிமீட்டர் பிசகு சிங்கத்தின் முன்னால் உயிரைக் குடிக்கும்.

1898-இல் கியூபாப் போருக்குப் போனபோது கண்ணாடி உடைந்தால் என்னாவது என்று பயந்து, பத்துப் பன்னிரண்டு கண்ணாடிகளைச் சீருடையிலும் தொப்பியிலும் தைத்து எடுத்துச் சென்றார். 1901 செப்டம்பரில் அதிபர் மெக்கின்லி கொலையுண்டதும், 42 வயதில் அதிபரானார். 1902 நவம்பரில் மிசிசிப்பியில் கட்டிவைக்கப்பட்ட கரடியைச் சுட மறுத்த செய்தி கேலிச்சித்திரமாகி, பொம்மையாகி, உலகெங்கும் போனது. அதே கரடியை வேறொருவர் கத்தியால் முடித்துவைத்தார் என்பதைப் பொம்மைக் கதை சொல்லும்போது யாரும் சேர்ப்பதில்லை.

வெள்ளை மாளிகையிலும் குத்துச்சண்டைப் பயிற்சியை அவர் விடவில்லை. இளம் இராணுவ அதிகாரி ஒருவரின் குத்து இடது கண்ணில் விழுந்து இரத்தக் குழாய்கள் சிதைந்தன. கண் மங்கியது. அதிகாரியின் மனம் நோகும் என்பதற்காக அவர் பெயரை வெளியிடாமல் காத்தார். வலது கண்ணாக இருந்திருந்தால் இனிச் சுடவே முடியாமல் போயிருக்கும் என்று மட்டும் தன்வரலாற்றில் குறிப்பிட்டார். குறி பார்ப்பது வலது கண் அல்லவா!

பதவி முடியும் தறுவாயில் ஆப்பிரிக்கப் பயணத்துக்கு ஆயத்தமானார். அதற்காக விண்செஸ்டர் 1895 வகையை, .405 தோட்டாவுக்கு உரியதைத் தேர்ந்தார். ஜான் பிரவுனிங் வடிவமைத்த நெம்புகோல் துப்பாக்கி அது. 1908-இல் நிறுவனத்துக்கும் அவருக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. வந்து சேர்ந்த துப்பாக்கியின் குறி தாம் கேட்டபடி இல்லை என்று நாட்டின் அதிபரே கடிந்து எழுதினார். ஓர் அதிபருக்கு வேறு வேலை இல்லையா என்று முதலில் தோன்றியது. ஐம்பது வயது, ஒரே நல்ல கண், அதுவும் கிட்டப்பார்வை என்பதை எண்ணியபோது அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது.

1909 ஏப்ரலில் மகன் கெர்மிட்டுடன் மொம்பாசா போய்ச் சேர்ந்தார். சிமித்சோனியன் நிறுவனத்துக்காக மேற்கொண்ட அந்தப் பயணத்தில் தந்தையும் மகனும் சுட்டவை 512 விலங்குகள். அருங்காட்சியகத்துக்காக என்றாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே மனிதர்தாம் அதிபராக இருந்து 150 தேசியக் காடுகளையும் 51 பறவைச் சரணாலயங்களையும் ஏற்படுத்தியவர். இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க முடியாது. தாம் தவறவிட்ட குறிகளையும் பயண நூலில் ஒளிக்காமல் எழுதினார் என்பதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

1912 அக்டோபர் 14-ஆம் நாள் மில்வாக்கியில் மீண்டும் அதிபர் தேர்தலுக்குப் பேசப் போனவரை ஒருவன் அருகிலிருந்து சுட்டான். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஐம்பது பக்க உரையும் எஃகுக் கண்ணாடிக்கூடும் குண்டின் வேகத்தைக் குறைத்தன. மார்பில் குண்டோடு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார். குண்டை மருத்துவர்கள் எடுக்கவே இல்லை.

1919 ஜனவரி 6-ஆம் நாள் அதிகாலை, ஆய்ஸ்டர் பே ஊரிலுள்ள தம் வீட்டில் உறக்கத்திலேயே காலமானார். அப்போது வயது 60. இடது கண் பல ஆண்டுகளுக்கு முன்பே முற்றாக ஒளி இழந்திருந்தது. நியூயார்க்கில் அவர் பிறந்த இடத்தில் மீண்டும் எழுப்பப்பட்ட இல்லத்தில், இரத்தக் கறை படிந்த சட்டையோடு குண்டு துளைத்த அந்தக் கண்ணாடிக்கூடும் வைக்கப்பட்டிருக்கிறது.