மூளையின் குருதிக்குழாய்களைக் கண்ணுறச் செய்த ஏகாஸ் மோனிஸ்

மணிமுத்தாற்றின் கரையிலே, திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் தாங்கி நிற்கும் விருத்தாசலம் எம்முடைய ஊர். கோயிலால் அறியப்பட்ட அவ்வூர் பீங்கானாலும் அறியப்பட்டது. பொம்மையும் கோப்பையும் மின்சாரப் பீங்கான்களும் வெந்து வெளிவரும் சூளைகளைச் சிறுவயது முதலே கண்டு பழகினோம் யாம். சூளையின் வாயை அடைத்து நெருப்பிட்டபின், உள்ளிருக்கும் கலத்தில் விரிசல் விழுந்ததா இல்லையா என்பதை எத்துணைக் கைதேர்ந்த தொழிலாளியும் வெளியில் நின்று சொல்லுதல் இயலாது. ஆறிய பின்னர்த் திறந்து பார்த்தே அறிதல் வேண்டும். மனிதனுடைய மண்டையோடும் நெடுங்காலம் அவ்வாறே மூடிக் கிடந்தது. உள்ளே யாது நேர்ந்தது என்பதை மருத்துவர் ஊகித்தனர். நோயாளி இறந்தபின் திறந்து பார்த்தே உறுதி செய்தனர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எமக்கு நெருங்கிய ஒருவர், பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவதில் கைவந்தவர், ஒருநாள் மாலை தூரிகையைக் கை நழுவவிட்டார். வலக்கை மரத்தது, நாக் குழறிற்று, வாய் ஒருபுறம் கோணிற்று. வேலைக் களைப்பென்று கருதி அவரைப் படுக்க வைத்தோம். விடிந்தால் தேறிவிடுவார் என்று நம்பினோம். விடிந்தபோது வலக்காலும் எழவில்லை. மருத்துவமனையை அடைந்தபோது இரவு முழுதும் வீணே கழிந்துவிட்டிருந்தது. அங்கே இளம் மருத்துவர் ஒருவர் அவருடைய மூளையின் குருதிக்குழாய்களைப் படமாக எமக்குக் காட்டினார். உயிரோடிருக்கும் மனிதனிடத்தே அக்குழாய்களை முதன்முதல் தெளிவுறக் கண்டவர் யாவர் என்று பின்னர் வினவினோம். அவ்வினாவின் பயனே இக்கட்டுரை.

போர்த்துகல் நாட்டின் வடபகுதியில் அவாங்கா என்னும் சிற்றூரிலே, 1874-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29-ஆம் நாள், பழங்குடியொன்றில் ஓர் ஆண்மகவு பிறந்தது. அன்டோனியோ கயட்டானோ என்பது அதற்கு இட்ட பெயர். அந்நாட்டின் முதல் அரசரை இளமையில் வளர்த்த ஏகாஸ் மோனிஸ் என்னும் பன்னிரண்டாம் நூற்றாண்டு வீரரின் பெயரையும் அக்குழந்தைக்குச் சூட்டினர். பிற்காலத்து உலகம் அவரை அப்பெயராலேயே அறிந்தது. குருமாராகிய சிறிய தந்தையார் ஒருவர் அவருக்குத் தொடக்கக் கல்வி புகட்டினார். கொயிம்பிராப் பல்கலைக்கழகத்திலே மருத்துவம் கற்றுத் தேறி, பிரான்சு நாட்டுக்குச் சென்று பாபின்ஸ்கி முதலான பேராசிரியர்களிடம் நரம்புநோய் இயலைப் பயின்று மீண்டார். 1911-ஆம் ஆண்டில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் பேராசிரியராயினார்.

எனினும் அவருடைய நடுவயதின் பெரும்பகுதியை மருத்துவம் பெறவில்லை, அரசியலே பெற்றது. 1903 முதல் பல்லாண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்தார், சிறையும் கண்டார், 1917-இல் ஸ்பெயின் நாட்டுக்குத் தூதராயினார், 1918-இல் வெளிநாட்டு அமைச்சராகிப் பாரிஸ் சமாதான மாநாட்டில் தம் நாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். கட்சிப் பூசல் முற்றி ஒருவரோடு தனிப்போரும் புரிந்த பின்னரே அரசியலை முற்றும் வெறுத்து விலகினார். சீட்டாட்டத்தில் விருப்பமுடையவர், சீட்டுகளின் வரலாற்றைப் பற்றி நூலொன்றும் எழுதியுள்ளார். இவற்றையெல்லாம் யாம் விரித்துரையாது கடப்பதற்குக் காரணம், அவர் ஐம்பது வயதில் இறந்திருப்பாராயின் இன்று அவரைப் பற்றி எழுதுவோர் எவருமிலர் என்பதே.

ஐம்பது கடந்தபின் அவர் எடுத்துக்கொண்ட வினா இது. ராண்ட்கன் 1895-இல் கண்டறிந்த எக்ஸ்ரே கதிர் எலும்பைக் காட்டும். எலும்பினுள் இருக்கும் மூளையைக் காட்டாது. மூளையின் உட்குழிகளிலே காற்றைச் செலுத்திப் படமெடுக்கும் முறையை அமெரிக்கராகிய டான்டி 1918-இல் வகுத்திருந்தார். அது நோயாளிக்குப் பெருந்துன்பம் தருவது, இடரும் உடையது. மோனிஸ் வேறு வழி எண்ணினார். மூளையெங்கும் கிளைத்துப் பரவுவன குருதிக்குழாய்கள். எக்ஸ்ரே ஊடுருவாத திரவமொன்றைக் கழுத்திலுள்ள பெருந்தமனியில் செலுத்தினால், அது கிளைதோறும் ஓடி, மரத்தின் நிழல் சுவரில் விழுவதுபோலப் படத்தில் விழுமன்றோ? குழாய் விலகியிருப்பின் அங்கே கட்டி வளர்ந்துள்ளது. குழாய் நின்றுவிடின் அங்கே அடைப்பு உள்ளது. எண்ணுதற்கு எளிது. ஆயின் மூளையைக் கெடுக்காத திரவம் யாது? குருதி ஓடிவிடுமுன் படமெடுப்பது எங்ஙனம்?

இன்னொரு தடையும் இருந்தது. இளமை முதலே கீல்வாதம் அவருடைய கைவிரல்களை முடக்கியிருந்தது. ஊசியையோ கத்தியையோ தாமே கையாளுதல் அவருக்கு அரிது. ஆதலின் அல்மெய்டா லிமா என்னும் இளைஞரைத் துணைகொண்டார். எண்ணம் மோனிஸுடையது, கை லிமாவுடையது. விஞ்ஞான வரலாற்றிலே இத்தகைய இரட்டையர் பலர் உளர். ஆனால் பெயர் ஒருவருக்கே நிலைக்கிறது.

முதலில் விலங்குகளிலும் பின்னர்ப் பிணங்களின் தலைகளிலும் பரிசோதித்தனர். அதன்மேல் நோயாளிகளிடம் சென்றனர். ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு என்னும் உப்பின் கரைசலை முதலில் ஆண்டனர். படம் தெளிவாக விழவில்லை. அஃதன்றி, நோயாளி ஒருவர் குழாயில் குருதி உறைந்து மாண்டார். இதனை யாம் மறைத்தெழுத விரும்பவில்லை. பெரியோர் சரிதம் எழுதுவோர் இத்தகைய இடங்களில் விரைந்து கடந்து செல்வது வழக்கம். மாண்டவருடைய பெயரை எந்நூலும் போற்றவில்லை. ஆயினும் அவர் இன்றி அடுத்த படியும் இல்லை. மோனிஸ் சிலகாலம் நின்று, கரைசலை மாற்றினார். சோடியம் அயோடைடை நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு என்னும் அளவில் கரைத்துக் கொண்டார்.

1927-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28-ஆம் நாள். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி கொண்ட இருபது வயது இளைஞர் ஒருவருடைய கழுத்தைத் திறந்து, தமனியைச் சிறிது நேரம் கட்டிநிறுத்தி, அக்கரைசலைச் செலுத்திப் படமெடுத்தனர். படம் துலங்கிற்று. உயிருள்ள மனிதனின் மூளைத் தமனிகள் கிளைகிளையாய்த் தெரிந்தன. கட்டியினாலே அவை இடம்பெயர்ந்திருந்ததும் தெரிந்தது. பத்து நாள் கழியுமுன், ஜூலை 7-ஆம் நாள், பாரிஸ் நரம்பியற் கழகத்தில் அப்படங்களை மோனிஸ் காட்டினார். தாம் மாணாக்கராயிருந்த நகரிலே, தம் ஆசிரியராகிய பாபின்ஸ்கியின் முன்னிலையிலே அது நிகழ்ந்தது. அரசியற் பதவி எதுவும் அவருக்கு அளிக்காத புகழை அந்த ஒரு பிற்பகல் அளித்தது.

ஒரே படத்தால் குருதியின் ஓட்டத்தை அறிதல் இயலாது. ஆகையால் பெரைரா கால்டாஸ் என்னும் துணைவர் அடுத்தடுத்துப் பல தகடுகளைச் சுழற்றி விரைந்து படமெடுக்கும் பொறியொன்றை அமைத்தார். தமனியில் தொடங்கிச் சிரைவரை குருதி செல்லும் வேகம் அதனால் புலனாயிற்று. 1931 முதல் தோரோட்ராஸ்ட் என்னும் புதிய மருந்தை மோனிஸ் கைக்கொண்டார். நோயாளிக்கு அது வலி தரவில்லை. படமும் மிகத் தெளிவு. ஆயின் அது தோரியம் கலந்தது, கதிரியக்கம் உடையது, உடம்பை விட்டு வெளியேறாது கல்லீரலில் தங்கிவிடுவது. பல்லாண்டு கழித்து அதனை ஏற்றுக்கொண்டோர் பலருக்குப் புற்றுநோய் தோன்றிய பின்னரே அதன் கொடுமை உலகுக்குத் தெரிந்தது.

பக்கவாதத்தைப் பற்றிய அவருடைய பணி 1937-இல் வெளிவந்தது. பாதி உடல் செயலற்றுப்போகும் நோய்க்கு மூலம் மூளைக்குள்ளேதான் இருத்தல் வேண்டும் என்பது அந்நாளைய பொதுக் கருத்து. மோனிஸும் லிமாவும் டி லசெர்டா என்பவரும், வாதமுற்ற சிலரிடத்தில் கழுத்திலுள்ள உட்கரோட்டிட் தமனியே உறைந்த குருதியால் அடைபட்டிருப்பதைப் படத்தில் காட்டினர். தலையின் நோய்க்குக் காரணம் கழுத்தில்! பிணவறையிலன்றி நோயாளியின் படுக்கையருகே அடைப்பின் இடத்தைச் சுட்டிக்காட்டும் ஆற்றல் அன்று பிறந்தது. சுட்டிக்காட்டினரேயன்றி நீக்க இயலவில்லை. அடைப்பை எடுக்கும் கருவியோ கரைக்கும் மருந்தோ அவர் காலத்தில் இல்லை.

இனி அவர் சரிதத்தின் மற்றொரு பக்கத்துக்கு வருகிறோம். 1935-ஆம் ஆண்டு நவம்பரில், மனநோயாளிகளுடைய மண்டையின் முன்பகுதியில் துளையிட்டு, முதலில் சாராயத்தைச் செலுத்தியும், பின்னர்க் கம்பிவளையம் பொருந்திய கருவியாலும், முன்மூளையின் நரம்பிழைகளை அறுக்கும் சிகிச்சையை மோனிஸ் தொடங்கினார். இங்கும் கை லிமாவுடையதே. இருபது நோயாளிகளில் எழுவர் குணமுற்றனர், எழுவர் தேறினர், அறுவர் மாறவில்லை என்று அடுத்த ஆண்டே நூல் எழுதினார். எத்துணைக் குறுகிய காலம் அவர்களைக் கவனித்தார் என்பதை நோக்குங்கால் வியப்பன்று, வருத்தமே மிகும். கரைசல் ஒன்றுக்காகப் பிணத்தையும் விலங்கையும் சோதித்து நின்ற மனிதர், மனத்தை அறுக்கும் கருவிக்கு அவ்வளவு பொறுமை காட்டவில்லை. அமெரிக்காவில் ஃப்ரீமன் என்பவர் அம்முறையை மேற்கொண்டு ஊர்தோறும் பரப்பினார். ஆயிரக்கணக்கானோர் உணர்ச்சியும் ஊக்கமும் இழந்து உயிர்த்திருந்தனர். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான கென்னடியின் தமக்கை அல்லர், தங்கையாகிய ரோஸ்மேரியும் 1941-இல் இச்சிகிச்சைக்கு ஆளாகித் தம் வாழ்நாள் முழுதும் பிறர் காவலில் இருக்க நேர்ந்தது.

1939-இல் மனநோயாளி ஒருவர் மோனிஸைத் துப்பாக்கியால் பலமுறை சுட்டார். அவர் உயிர் பிழைத்து மீண்டும் பணியில் அமர்ந்தார். 1949-இல் நோபெல் பரிசு வந்தது. குருதிக்குழாய்ப் படத்துக்காக முன்னரே அவர் பெயரை முன்மொழிந்திருந்தும் அது பரிசு பெறவில்லை. முன்மூளையை அறுத்த சிகிச்சையே பெற்றது! சுவிட்சர்லாந்து நாட்டு ஹெஸ் என்பவர் அப்பரிசில் பாதி பெற்றார். மறு ஆண்டே சோவியத்து நாடு அச்சிகிச்சையை விலக்கிற்று. பின்னாளில் அப்பரிசைத் திரும்பப் பெறுதல் வேண்டும் என்று பாதிக்கப்பட்டோரின் குடும்பத்தார் கேட்டனர், அது நடைபெறவில்லை. எம் கருத்து யாதெனின், பரிசு தவறான வாயிலில் சென்று தட்டியது என்பதே.

அதே 1949-ஆம் ஆண்டில் நம் மாநிலத்து வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலே டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார் என்பது மிஷன் கல்லூரி மாணாக்கராகிய நமக்கு மகிழ்ச்சி தருவது. அடுத்த ஆண்டில் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி அத்தகைய துறையை நிறுவினார். லிஸ்பனில் பிறந்த படமுறை இவ்வாறு நம் நாட்டு நோயாளிகளையும் அடைந்தது. மோனிஸ் 1955-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் லிஸ்பனில் காலமானார். அவாங்காவிலுள்ள அவருடைய இல்லம் இப்போது காட்சிச்சாலையாக உள்ளது.

அவர் கண்ட வழியே பிறர் மேற்சென்றனர். கழுத்தைத் திறவாமல் தொடையிடுக்கில் ஊசியிட்டு மெல்லிய குழலை உள்ளே செலுத்தும் உபாயத்தை ஸ்வீடன் நாட்டு செல்டிங்கர் 1953-இல் வெளியிட்டார். அக்குழல் பார்ப்பதற்கு மட்டுமன்றிக் குணப்படுத்தற்கும் உதவும் என்று அமெரிக்கராகிய டாட்டர் 1964-இல், காலிலுள்ள தமனியொன்றை விரித்துக் காட்டினார். 1971-இல் ஹௌன்ஸ்ஃபீல்டின் சி.டி. பொறி மூளையையே அடுக்கடுக்காகக் காட்டிற்று. பக்கவாதத்தில் இஃது இன்றியமையாதது. ஏனெனில் வெளியிலிருந்து பார்ப்போருக்குக் குழாய் அடைபட்டதும் குழாய் வெடித்ததும் ஒன்றுபோலவே தோன்றும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை வெடிப்புற்றவருக்குக் கொடுத்தால் அதுவே எமனாகும். அம்மருந்தின் பயனை 1995-இல் அமெரிக்க ஆய்வொன்று நிலைநாட்டிற்று. நோய் தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் அதனைக் கொடுத்தல் வேண்டும்.

பெருங்குழாயில் பெரிய கட்டி நின்றுவிட்டால் மருந்து பெரும்பாலும் தோற்கும். ஆங்கே, தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ குழலை மூளைவரை செலுத்தி, வலைபோன்ற ஸ்டென்டால் கட்டியைச் சிக்கவைத்து இழுத்தோ, உறிஞ்சியோ எடுக்கின்றனர். மருத்துவர் கண் திரையில் பார்த்துச் செல்வது மோனிஸின் படத்தையே. தகட்டுக்கு மாற்றாக இப்போது கணிப்பொறி. நெதர்லாந்தில் 500 நோயாளிகளிடம் நடந்து 2015 தொடக்கத்தில் வெளிவந்த ஆய்வில், மூன்று மாதம் கழித்துப் பிறர் உதவியின்றி வாழ்ந்தோர், இச்சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 33 பேர். பெறாதவருள் 19 பேர். இதற்கு ஆறு மணி நேரம் எல்லையென வகுத்தனர். மூளையில் இன்னும் உயிருள்ள பகுதி எஞ்சியிருப்பதைப் படம் காட்டுமாயின், தேர்ந்தெடுத்த சிலருக்கு இருபத்துநான்கு மணி வரையும் பயன் உண்டு என்று 2018-இல் கண்டனர். பெருங்குழாய் அடைபட்ட ஒவ்வொரு நிமிடமும் சற்றொப்ப 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிவதாகக் கணித்துள்ளனர்.

விருத்தாசலத்திலிருந்து கடலூர் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். அன்று மாலையே 108 வண்டியை அழைத்திருப்போமாயின் இரண்டு மணி நேரத்துக்குள் சி.டி. பொறியின் முன் அவரைச் சேர்த்திருக்கலாம். வாய் கோணியதையும் கை விழுந்ததையும் பேச்சுக் குழறியதையும் மூன்றையும் ஒருங்கே கண்டும் யாம் அறியாதிருந்தோம். மறுநாள் அந்த இளம் மருத்துவர் படத்தை விளக்கின் முன் பிடித்து, வலப்புறத்துத் தமனி கிளைத்துப் பரவுவதை முதலில் காட்டினார். பின்னர் இடப்புறத்தைக் காட்டினார். அடிமரம் சிறிது தூரம் எழுந்து சட்டென நின்றிருந்தது. அதற்கப்பால் கிளைகள் இருக்கவேண்டிய இடம் வெறுமையாயிருந்தது. அப்பகுதி மூளை இரவிலேயே மடிந்துவிட்டது, இனிக் கட்டியை எடுத்தும் பயனில்லை என்றும் தெரிவித்தார். அப்பெரியவர் இன்று இடக்கையால் தூரிகை பிடித்துப் பழகி வருகிறார். பொம்மைகளின் கண்களை மட்டும் அவருடைய மகள் எழுதுகிறாள்.