நாற்காலி மட்டும் போதாது

ஒரு நகரத்தில் ஒரு பிரிவு மக்களை ஒதுக்கிவைக்க வேண்டுமானால், அதற்கென்று சட்டப் புத்தகத்தில் தனி விதி எழுதத் தேவையில்லை. அவர்கள் தெருவில் குப்பையை அள்ளாமல் விட்டால் போதும். அவர்கள் வீதிக்குத் தார் போடாமல் விட்டால் போதும். அவர்கள் காத்து நிற்கும் நிலையத்தில் ரயிலை நிறுத்தாமல் ஓட்டினால் போதும். இந்த வேலைகளெல்லாம் நாடாளுமன்றத்தில் நடப்பவையா? இல்லை. நகராட்சி அலுவலகத்தில் நடப்பவை. ஆகவே அநீதியைத் தடுக்கின்ற கரமும் அங்கேயே எழ வேண்டும்.

இதை உணர்ந்து, உணர்ந்தபடி உழைத்து, உழைத்த இடத்திலேயே உயிர்விட்ட ஒருவரைப் பற்றி இன்று எழுத விரும்புகிறோம். அமெரிக்காவிலே, சிகாகோ மாநகரத்தின் முதல் கறுப்பின மேயர் ஹெரால்டு வாஷிங்டன்தான் அவர். ஆம் தோழர்களே, 1886-ல் எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் இரத்தம் சிந்திய அதே சிகாகோதான்.

அவர் பிறந்தது 1922 ஏப்ரல் 15-ல். தந்தை ராய் வாஷிங்டன் வழக்கறிஞர், சமய போதகர், ஜனநாயகக் கட்சியின் பகுதிப் பொறுப்பாளர். வீட்டுத் திண்ணையிலேயே அரசியல் பாடம் கிடைத்தது மகனுக்கு. படித்த உயர்நிலைப் பள்ளிக்கு டு சாபிள் என்று பெயர். அந்த மண்ணின் பழங்குடியினருக்குப் பின், வெளியிலிருந்து வந்து சிகாகோவில் முதன்முதல் நிலையாகக் குடியேறிய கறுப்பின வணிகரின் பெயர் அது. எவர் காலூன்றித் தொடங்கிய ஊரோ, அவர் இனத்தாருக்கே அந்த ஊரில் ஒதுக்குப்புறம்!

இரண்டாம் உலகப் போரில் படையில் சேர்ந்தார். பசிபிக் தீவுகளில் விமான ஓடுதளம் அமைக்கும் வேலை. அங்கும் கறுப்பருக்குத் தனிப் பிரிவு. குண்டுக்கு நிறம் தெரியாது, படைக்குத் தெரிந்தது. திரும்பி வந்து ரூஸ்வெல்ட் கல்லூரியில் சேர்ந்தார். மாணவரை நிறம் பார்த்து எண்ணிச் சேர்க்க மறுத்து வெளியேறிய ஆசிரியர்கள் 1945-ல் தொடங்கிய கல்லூரி அது. வெள்ளை மாணவர் மிகுந்த அந்தக் கல்லூரியில் மாணவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1949-ல் பட்டம், 1952-ல் சட்டப் பட்டம். தந்தை மறைந்ததும் அவர் பார்த்த கட்சி வேலை மகன் தோளில் வந்து விழுந்தது.

அந்நாளைய சிகாகோ எப்படி இருந்தது? 1955 முதல் 1976 வரை, சாகும்வரை மேயராக இருந்தவர் ரிச்சர்டு ஜே. டேலி. ஆயிரக்கணக்கான நகராட்சி வேலைகள் கட்சிக்காரர் கையில். வாக்குச் சேர்த்தால் வேலை, சேர்க்காவிட்டால் வீடு. கறுப்பின வார்டுகள் வாக்கை வாரிக் கொடுத்தன. திரும்பப் பெற்றது என்ன? நெருக்கடியான பள்ளிகள், நெருக்கடியான குடியிருப்புகள். கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிக்கு அனுப்ப மனமின்றி, பள்ளி மைதானத்திலேயே தகரக் கூண்டு வகுப்புகளை நிறுத்தினார்கள். 1963 அக்டோபரில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்குச் செல்லாமல் எதிர்ப்புக் காட்டினார்கள். 1966-ல் வீட்டு வசதி உரிமைக்காக ஊர்வலம் வந்த மார்ட்டின் லூதர் கிங் தலையிலே கல் விழுந்தது இதே நகரத்தில்தான்.

வாஷிங்டனும் அந்தக் கட்சி இயந்திரத்துக்குள் வளர்ந்தவர்தான். அதை நாம் மறைக்கப் போவதில்லை. 1965-ல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்தில் நுழைந்தார். போகப் போகத் தலைமைக்குத் தலையாட்ட மறுத்தார். கிங்கின் பிறந்த நாளை மாநில விடுமுறையாக்கும் சட்டம் 1973-ல் நிறைவேற முன்னின்றார். தவறும் செய்தார். சில ஆண்டுகள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாததற்காக 1972-ல் ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். பொது வாழ்வுக்கு வருவோர் தம் கணக்கை முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அது பாடம். எதிரிகள் அந்தக் குறையைக் கடைசிவரை சொல்லிக் காட்டினார்கள்.

1977-ல் மேயர் பதவிக்கு முயன்றார். கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலிலேயே படுதோல்வி. ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1979 ஜனவரியில் பெரும் பனி கொட்டி நகரம் முடங்கியது. ரயில்கள் கறுப்பின மக்கள் வாழும் பகுதி நிலையங்களில் நிற்காமல் பறந்தன. வேலைக்குப் போக நின்ற மக்கள் குளிரில் நின்றபடி அதைப் பார்த்தார்கள். அந்தக் கோபத்தில் பழைய மேயர் வீழ்ந்தார். ஜேன் பைர்ன் என்ற அம்மையார் வந்தார். அவரும் 1982-ல் என்ன செய்தார்? கறுப்பின மக்களே பெரும்பான்மையாக வாழ்ந்த நகராட்சிக் குடியிருப்புகளின் வாரியத்தில் வெள்ளையர் பெரும்பான்மையாகும்படி உறுப்பினர்களை நியமித்தார். ஆள் மாறினால் ஆட்சி மாறிவிடுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

மக்கள் வாஷிங்டனிடம் வந்தார்கள். அப்போது அவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். உடனே மாலைக்குக் கழுத்தை நீட்டினாரா? இல்லை. முதலில் ஐம்பதாயிரம் புதிய வாக்காளர்களைப் பட்டியலில் சேருங்கள், பிறகு பேசலாம் என்று நிபந்தனை போட்டார். தொண்டர்கள் தெருத் தெருவாகப் போனார்கள். ஒரு இலட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. மேடை முழக்கத்துக்கு முன் வாக்காளர் பட்டியல்! கட்சி வேலை பார்க்கும் தோழர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

1983 பிப்ரவரியில் வேட்பாளர் தேர்தல். பைர்ன் ஒரு பக்கம், பழைய டேலியின் மகன் ஒரு பக்கம். நூற்றுக்கு 36 வாக்குகள் பெற்று வாஷிங்டன் வென்றார். அதற்குமுன் அந்த நகரத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் என்றாலே மேயர் என்று பொருள். ஆனால் வேட்பாளர் கறுப்பினத்தவர் என்றதும் அதே கட்சியின் வெள்ளைத் தலைவர்கள் பலர் குடியரசுக் கட்சியின் எப்டனுக்கு வேலை செய்தார்கள். குருத்தோலை ஞாயிறன்று மாதா கோயிலுக்குச் சென்ற வாஷிங்டனைக் கூட்டம் வசைபாடி விரட்டியது. கோயில் கதவிலேயே இனவெறி வாசகம்! இத்தனையும் தாண்டி, ஏப்ரல் 12-ல் சுமார் 48,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கறுப்பின மக்களோடு இலத்தீன் அமெரிக்க வழிவந்த மக்களும், நியாய உணர்வுள்ள வெள்ளையரும் சேர்ந்து தந்த வெற்றி அது.

நாற்காலி கிடைத்தது. ஆட்சி கிடைத்ததா?

நகர மன்றத்தில் உறுப்பினர் 50 பேர். அதில் 29 பேர் எதிரணி. 21 பேரே மேயர் அணி. குழுத் தலைமைகள் எல்லாவற்றையும் 29 பேர் எடுத்துக்கொண்டார்கள். மேயர் நியமித்தவர்களுக்கு ஒப்புதல் தராமல் கிடப்பில் போட்டார்கள். மன்றத்தின் தீர்மானத்தை மேயர் தடுக்கலாம். தடையை மீற 34 பேர் வேண்டும். அவர்களிடம் 34 இல்லை. இவரிடம் 26 இல்லை. மூன்று ஆண்டுகள் இந்த இழுபறி.

கைகட்டி உட்கார்ந்தாரா வாஷிங்டன்? மன்றம் தடுக்க முடியாத மேயர் ஆணைகளைக் கையில் எடுத்தார். நகராட்சியின் கோப்புகளைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்க வழி திறந்தார். 1985-ல் ஓர் ஆணை: நகராட்சிக் காண்டிராக்டுகளில் நூற்றுக்கு 25 பங்கு சிறுபான்மை இனத்தவரின் தொழில்களுக்கும், 5 பங்கு பெண்களின் தொழில்களுக்கும் போய்ச் சேர வேண்டும். அதே ஆண்டில் இன்னோர் ஆணை: நகராட்சியின் உதவி நாடி வருபவரிடம் எந்த நாட்டுக் குடியுரிமை என்று கேட்டுத் துரத்தக் கூடாது. நகரத்தின் முதல் கறுப்பினப் போலீஸ் தலைவரும் அவர் காலத்திலேயே பதவியேற்றார்.

எல்லாவற்றிலும் கடினமான வேலை ஒன்று உண்டு. கட்சிக்காரனுக்கே வேலை என்ற பழைய முறையை ஒழிக்கும் நீதிமன்ற ஏற்பாட்டுக்கு 1983-லேயே உடன்பட்டுக் கையொப்பமிட்டார். இத்தனை நாள் அவர்கள் தின்றார்கள், இனி நம் முறை என்று காத்திருந்தவர்கள் அவர் பக்கத்திலும் இருந்தார்கள். பசித்தவரின் ஆசையில் தவறில்லை. ஆனால் பந்தியில் ஆளை மாற்றி உட்காரவைப்பது சமத்துவமாகாது. எல்லாருக்கும் இலை போட வேண்டும் என்பது அவர் கருத்து. தெருச் சீரமைப்புக்குக் கடன் பத்திரம் வெளியிட்டபோது, தம்மை எதிர்த்தவர்களின் வார்டுகளையும் சேர்த்து ஐம்பது வார்டுகளுக்கும் பங்கு வைத்தார்.

பூட்டைத் திறந்த சாவி வேறோர் இடத்தில் இருந்தது. கறுப்பின மக்களும் இலத்தீன் மக்களும் தம் எண்ணிக்கைக்கு ஏற்ற உறுப்பினர்களைப் பெற முடியாதபடி வார்டு எல்லைகள் முன்பே வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. வழக்குத் தொடுத்தார்கள், எல்லை மாற்ற நீதிமன்றம் உத்தரவிட்டது. 1986-ல் ஏழு வார்டுகளில் சிறப்புத் தேர்தல். முடிவு: 25-க்கு 25. சம நிலையில் தீர்ப்பு வாக்கு மேயருடையது! பூட்டிக் கிடந்த நியமனங்கள் வெளியே வந்தன. வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்ததும் நகரத்தின் ஆட்சியே நகர்ந்தது.

1987 ஏப்ரலில் மீண்டும் வென்றார். நவம்பர் 25-ல், நகர மன்றக் கட்டடத்தில் தம் மேசையிலேயே மாரடைப்பால் சாய்ந்தார். வயது 65. கடைசி முறையாக அவர் முகம் காண மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள்.

அதன்பின் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு வாரம்கூட ஆகவில்லை. அடுத்த மேயரைத் தேர்ந்தெடுக்க மன்றம் கூடியது. வெளியே ஆயிரக்கணக்கான மக்கள். உள்ளே அவருடைய அணி இரண்டாக உடைந்தது. விடியற்காலையில், பழைய எதிரணியின் ஆதரவோடு யூஜின் சாயர் மேயரானார். அவரும் கறுப்பினத்தவரே. 1989 தேர்தலில் டேலியின் மகன் நாற்காலியைப் பிடித்து 2011 வரை அமர்ந்திருந்தார். வாஷிங்டன் பெயரில் 1991-ல் நகரின் நடுவே பெரிய நூலகம் திறக்கப்பட்டது. கட்டடம் எழுப்புவது எளிது. அணியைக் கட்டிக் காப்பது அரிது.

நம்முடைய துயரம் அவர் மறைந்ததில் மட்டும் இல்லை. அவரை நம்பியவர்கள், அவர் இல்லாமல் சேர்ந்து நிற்கக் கற்றுக்கொள்ளவில்லையே என்பதில்தான். தலைவர் ஒருவர் நாற்காலியில் அமர்வது முதல் படி. பட்டியலில் பெயர், வரைபடத்தில் எல்லை, மன்றத்தில் பெரும்பான்மை, காண்டிராக்டில் பங்கு, கோப்பில் வெளிச்சம் இவையெல்லாம் அடுத்தடுத்த படிகள். இவற்றை ஒருவர் ஏறிவிட்டு மற்றவரை இழுத்துவிட முடியாது. எல்லோரும் சேர்ந்தே ஏற வேண்டும்.

உள்ளாட்சி மன்றத்தில் ஓர் இடம் பெற்ற தோழரும், அவருக்காகச் சுவரொட்டி ஒட்டிய தோழரும், சிகாகோவின் அந்த நான்கரை ஆண்டுக் கதையை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும். ஊரின் கடைசித் தெருவில் விளக்கு எரிகிறதா என்று நாளை காலை போய்ப் பார்க்கட்டும். வாஷிங்டன் விட்டுச் சென்ற வேலை அங்கேதான் இருக்கிறது.