குசுமாசனதேவி: கண்டி அரசுக்கு உரியவர்

விமலதர்மசூரியன், செனரத், இரண்டாம் இராஜசிங்கன் என்று கண்டி மன்னர்களை வரிசையாக மனனம் செய்தவர்கள் நாம். முதலிருவருக்கு மனைவியும் மூன்றாமவருக்குத் தாயுமான குசுமாசனதேவியை நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

கண்டி மன்னன் கரலியத்த பண்டாரவின் மகளாக இவர் 1578ஆம் ஆண்டளவில் பிறந்தார். சில ஆண்டுகளில் சீதாவாக்கை அரசன் முதலாம் இராஜசிங்கன் கண்டியைக் கைப்பற்ற, மன்னன் குடும்பத்தோடு தப்பியோடினான். பெற்றோரை இழந்த குழந்தை போர்த்துக்கேயரின் பாதுகாப்பில் கத்தோலிக்கராக வளர்ந்தது. தோனா கத்தரீனா என்பது அவர்கள் இட்ட பெயர்.

1594இல் பேதுரு லோப்பெஸ் த சூசா, ஏறத்தாழப் பதினாறு வயதான இவரை அரசியாக்கவெனப் பெரும் படையுடன் கண்டிக்கு வந்தார். இளவரசியை ஒரு போர்த்துக்கேயருக்கு மணமுடித்துக் கொடுப்பார்கள் என்ற எண்ணமே கண்டி மக்களை அவர்களுக்கு எதிராகத் திருப்பியது. உடன்வந்த சுதேசப் படைகளும் கைவிட்டன. ஒக்டோபரில், பிலிமத்தலாவைக்கு அருகேயுள்ள தந்துரையில் அப்படை அழிந்தது. வென்ற கோணப்பு பண்டார இளவரசியை மணந்தார். முன்னமே விமலதர்மசூரியன் என்ற பெயரோடு கண்டியை ஆண்டுவந்த அவரது முடியுரிமை இம்மணத்தால் உறுதியானது. புனித தந்தத்தைக் கண்டிக்குக் கொணர்ந்து மாளிகை அமைத்தவரும் இவரே.

1604இல் அவர் இறந்ததும், துறவு பூண்டிருந்த உறவினரான செனரத் காவியுடையைக் களைந்து அரசியை மணந்து மன்னரானார். இருவருக்கும் பிறந்த மகனே 1638இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயரை வென்ற இரண்டாம் இராஜசிங்கன். அந்த வெற்றியைக் காணத் தாய் உயிரோடில்லை. 1613இல், முப்பத்தைந்து வயதளவில் அவர் காலமானார்.

அரசுரிமை இவருடையது, ஆண்டவர்கள் கணவர்கள். இருமுறை மணமான இவரிடம் ஒருமுறையேனும் விருப்பம் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அதே நகரில் நம் பள்ளி நூறு ஆண்டுகளாகப் பெண்பிள்ளைகளை எழுந்து நின்று தம் கருத்தைச் சொல்லப் பழக்கியிருக்கிறது. விழாவுக்காகக் கொழும்பு வீதியால் வரும் சகோதரிகளே, பிலிமத்தலாவையைக் கடக்கையில் அந்தப் பதினாறு வயதுப் பெண்ணையும் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.