வைரத்தின் ஒளியிலிருந்து வானிலைக் கருவிகள் வரை: பீருமேட்டில் பிறந்த அன்னா மணி

இடுக்கி: தேனி மாவட்ட எல்லையை அடுத்த கேரளத்தின் பீருமேட்டில், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு உரிமையாளரான பொறியாளர் ஒருவரின் எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவராக, 1918ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதி பிறந்தவர் அன்னா மணி. இந்திய வானிலைக் கருவியியலின் முன்னோடியாகப் போற்றப்படும் இவரது அறிவியல் வாழ்வு, வானத்தில் அன்று, வைரத்துக்குள் தொடங்கியது.

எட்டாம் பிறந்த நாளில் வைரத் தோடு அளிப்பது அக்குடும்பத்தின் வழக்கம். சிறுமி அன்னா அதனை மறுத்து, கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டுப் பெற்றார். வைக்கம் போராட்டத்தையொட்டி 1925இல் காந்தியடிகள் அங்கு வந்ததன் தாக்கத்தால் கதராடையை ஏற்றார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் ஹானர்ஸ் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டு உதவித்தொகையுடன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். தோடாக ஏற்க மறுத்த வைரம், அங்கு அவரது ஆய்வுப் பொருளாயிற்று.

ஒரு மீட்டரை ஆயிரம் கோடிக் கூறுகளாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு கூறே ஓர் ஆங்ஸ்ட்ராம். பத்து ஆங்ஸ்ட்ராம் சேர்ந்தது ஒரு நானோமீட்டர். வைரத்தில் அடுத்தடுத்த கார்பன் அணுக்களுக்கு இடையிலான தொலைவு 1.54 ஆங்ஸ்ட்ராம். சாதாரண ஒளி நுண்ணோக்கியோ ஏறத்தாழ 2,000 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழ் எதையும் பிரித்துக் காட்டாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி 1931இல் ஜெர்மனியில் உருவானபோதிலும், அணுக்களின் அடுக்கை அது நேரில் காட்டப் பல்லாண்டுகள் ஆயின. ஆகவே வைரம் உமிழும் ஒளியைக் கொண்டே அதன் உள்ளமைப்பை ஊகிக்க வேண்டியிருந்தது.

முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் நிறமாலைகளை அன்னா மணி பதிவு செய்தார். ஒரு புகைப்படத் தகட்டில் ஒளி பதிய 15 முதல் 20 மணி நேரம் ஆகும் என்பதால், பல இரவுகள் ஆய்வகத்திலேயே உறங்கினார். வைரங்களின் நீல ஒளிர்வில் முதன்மையானது 4152 ஆங்ஸ்ட்ராம் அலைநீளக் கோடு. படிகத்தில் ஓர் அணு இல்லாத வெற்றிடத்தைச் சூழ்ந்த மூன்று நைட்ரஜன் அணுக்களே அதற்குக் காரணம் எனப் பிற்கால ஆய்வுகள் தெளிவுபடுத்தின.

வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வு குறித்துத் தனியொருவராக ஐந்து கட்டுரைகளை வெளியிட்ட அவர், 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். முதுநிலைப் பட்டம் இல்லை என்று கூறிப் பல்கலைக்கழகம் பட்டத்தை மறுத்தது. அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் உள்ளது.

அதே ஆண்டு அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து சென்றார். அவருக்குக் கிடைத்த வாய்ப்பு வானிலைக் கருவிகள் துறையில் அமைந்தது. 1948இல் நாடு திரும்பிப் புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் இணைந்தார். அதுவரை எளிய கருவிகள்கூட இறக்குமதி செய்யப்பட்ட நிலையில், ஏறத்தாழ 100 கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தி உள்நாட்டு உற்பத்திக்கு வழிவகுத்தார். பிழையான அளவீட்டைவிட அளவீடு இல்லாதிருப்பதே நன்று என்பது அவரது உறுதியான கொள்கை.

சர்வதேச புவி இயற்பியல் ஆண்டான 1957-58இல், சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாட்டில் நிறுவினார். இதில் ஒரு தொடர்பு உண்டு. ஆங்ஸ்ட்ராம் என்ற அலகு சுவீடன் இயற்பியலாளர் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராமின் பெயரால் அமைந்தது. சூரியக் கதிர்வீச்சை அளக்கும் புகழ்பெற்ற கருவியொன்றை உருவாக்கிய க்னுட் ஆங்ஸ்ட்ராம் அவருடைய மகன்.

ஓசோனை அளக்கும் பலூன் கருவியை உள்நாட்டிலேயே உருவாக்கியதிலும் அன்னா மணிக்குப் பெரும் பங்குண்டு. பாலக்காடு கல்பாத்தியில் பிறந்து, ஓசோன் ஆய்வில் உலகப் புகழ் பெற்றவர் ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன். அவர் பெயரிலான பதக்கம் 1987இல் அன்னா மணிக்கு வழங்கப்பட்டது.

துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்ற பின்னரும் அவரது பணி தொடர்ந்தது. 1980, 1981ஆம் ஆண்டுகளில் வெளியான சூரியக் கதிர்வீச்சு நூல்களும், அதன்பின் நடத்திய காற்று வேக அளவீடுகளும் மாற்று எரிசக்தித் திட்டங்களுக்கு அடித்தளமாயின. திருமணம் செய்துகொள்ளாமல் ஆய்வுக்கே வாழ்வை அளித்த அன்னா மணி, 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார். அப்போது, 83ஆம் பிறந்த நாளுக்கு ஒரு வாரமே எஞ்சியிருந்தது. மறுக்கப்பட்ட முனைவர் பட்டம் இறுதிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.