மலைக்குப் பாதை போட்ட கலெக்டர்

பத்துபஸ்தியிலிருந்து பஸ் ஏறி ரங்கத், மாயாபந்தர் பக்கம் போய் வந்தவர்களுக்கு ஜிர்காட்டாங் சோதனைச் சாவடி நன்றாகத் தெரியும். வண்டிகள் வரிசையாகக் காத்து நின்று, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஜாரவாக்களின் காட்டுக்குள் நுழைய வேண்டும். பாதை நமக்கு வசதி. காட்டில் இருப்பவர்களுக்கு?

இந்தக் கேள்வி 200 ஆண்டுகளுக்கு முன்பே நமது நீலகிரியில் எழுந்தது. அதை எழுப்பியவர், அந்த மலைக்குப் பாதை போட்ட ஜான் சல்லிவன் துரையேதான்!

எழுத்தராக வந்தவர்

1788 ஜூன் 15-ந் தேதி பிறந்த சல்லிவன், மீசை முளைக்கும் வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னை ராஜதானிக்கு வந்தார். படிப்படியாக உயர்ந்து 1815-ல் கோவை கலெக்டரானார்.

கோவையிலிருந்து பார்த்தால் வடமேற்கே நீலமலை தெரியும். தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் காலங்காலமாக அங்கே வாழ்ந்து வந்தார்கள். வெள்ளையரில் 1603-ல் பெனிசியோ என்ற பாதிரியார் ஏறிப் பார்த்திருந்தார்.

1818-ல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு இளம் அதிகாரிகள் மலையேறித் திரும்பினார்கள். கோடையிலும் குளிரும் நாடு அது என்று அவர்கள் சொன்னதைக் கேட்ட சல்லிவன், 1819 ஜனவரியில் தாமே புறப்பட்டார். பாதை இல்லை. அடர்ந்த காட்டையும் செங்குத்தான சரிவையும் கடந்து மேலே போய்ச் சேர்ந்தார். மலை அவரைப் பிடித்துக் கொண்டது.

சிறுமுகையிலிருந்து

உடனே பாதை வேலை தொடங்கியது. மேட்டுப்பாளையத்துக்கு அருகே உள்ள சிறுமுகையிலிருந்து கோத்தகிரி வழியாக மலை ஏறும் பாதை அது. மெக்பர்சன் என்ற ராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் நடந்த வேலை 1823-ல் முடிந்தது. கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய பங்களா பின்னர் பழுது பார்க்கப்பட்டு நினைவகமாக்கப்பட்டது.

அங்கிருந்து உதகைக்குப் போனார். தோடர்களிடம் நிலம் வாங்கி, அந்த ஊரின் முதல் ஐரோப்பிய வீட்டைக் கல்லால் கட்டினார். மலைமக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். அரசுக் கலைக் கல்லூரி வளாகத்தில் இருப்பது அந்த வீடுதான். 1823-ல் ஏரி வெட்டத் தொடங்கினார். ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டார்.

யாருடைய நிலம்?

பாதை வந்ததும் துரைமார்கள் வந்தார்கள். பட்டாளம் வந்தது. நிலத்துக்குப் போட்டி வந்தது. அப்போது சல்லிவன், இந்த மண் தோடர்களுக்குச் சொந்தம், எடுத்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். கவர்னர் லஷிங்டன் ஏற்கவில்லை. உதகை நிர்வாகம் ராணுவத்தின் கைக்குப் போயிற்று. சல்லிவனே ஏராளமான நிலம் வாங்கியவர் ஆயிற்றே என்று எதிரிகள் பேசினார்கள். அதிலும் உண்மை இருந்தது. பின்னாளில் கவர்னரின் ஆலோசனை சபை உறுப்பினரானபோதும் அவர் தம் கருத்தை விடவில்லை. ஆனால் தோடர்களின் முழு உரிமை கடைசிவரை ஏற்கப்படவில்லை.

1838-ல் பேரிடி விழுந்தது. மனைவி ஹென்றியட்டாவும் மகள் ஹேரியட்டும் அடுத்தடுத்து இறந்தனர். இருவரும் உதகை ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில் உறங்குகிறார்கள். எஞ்சிய குழந்தைகளுடன் 1841-ல் சல்லிவன் இங்கிலாந்து திரும்பினார். அங்கும், ஆட்சியில் இந்தியருக்கு இடம் தர வேண்டும் என்று வாதாடினார். 1855 ஜனவரி 16-ந் தேதி காலமானார்.

உதகைக்கு 200 வயதானபோது, 2022-ல் அங்கே அவருக்குச் சிலை வைத்தார்கள். அவர் போட்ட பாதையை அடுத்துக் குன்னூர் வழியும், 1908-ல் உதகை வரை ரயிலும் வந்துவிட்டன. தோடர்களின் மேய்ச்சல் நிலமோ சுருங்கிக்கொண்டே போனது.

அந்தமான் பெருஞ்சாலையில் ஜாரவா காட்டை ஒட்டிய பகுதிகளை மூட வேண்டும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் வண்டிகள் ஓடின. அடுத்த முறை ஜிர்காட்டாங்கில் பஸ் நிற்கும்போது, காத்திருக்கும் அந்த நேரத்தில் சல்லிவனின் வழக்கையும் ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.